மூக்கில் வளரும் சதை – சொல்லும் பொருளும்

முன்னுரை

ஆரணியை அடுத்த சேவூரில் தறியோசை கேட்காத தெரு அரிது. அவ்வூர்ப் பட்டு நெசவாளர் ஒருவர் ஒருநாள் மாலை மருத்துவ அறிக்கை ஒன்றைக் கையில் ஏந்தி நம் இல்லத்திற்கு வந்தார். அகவை ஐம்பதைக் கடந்தவர். நம் தந்தையார் காலந்தொட்டு நம் குடும்பத்தோடு பழகி வருபவர். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. "பாய், இதிலே என்ன எழுதியிருக்குன்னு தமிழிலே சொல்லுங்க" என்றார். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்வறிக்கையின் எழுத்துகளைப் படிக்க முடிந்ததே அன்றி, பொருளை எடுத்துரைக்க முடியவில்லை.

அவருடைய வரலாறு இது. வலப்பக்க மூக்கு நெடுநாள் அடைத்திருந்தது. இடையிடையே சிறிது குருதியும் கசிந்தது. சளி என்றெண்ணிச் சொட்டு மருந்தால் ஓராண்டைக் கடத்தினார். பின்னர் ஒரு மருத்துவமனையில், 'சதை வளர்ந்திருக்கிறது' எனக் கூறி அதனை எடுத்துவிட்டனர். எடுத்த சதை சோதனைக்கு அனுப்பப்படவில்லை, குப்பைக்குச் சென்றது. ஓராண்டு கழிந்ததும் அதே பக்கம் மீண்டும் அடைத்தது. இம்முறை அவர் வேலூருக்குச் சென்றார். அங்கே கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ந்து எழுதிய அறிக்கையே அவர் நம்மிடம் கொண்டுவந்தது. கட்டியின் பெயர் 'இன்வெர்ட்டட் பாப்பிலோமா'. அத்துணுக்கில் புற்றுநோய் இல்லை. ஆயினும் கட்டி முழுவதையும் அகற்றி ஆராய வேண்டும் என்பது அறிக்கையின் சாரம்.

"புத்து இல்லேன்னா அப்புறம் என்ன பாய்? சதைதானே! மறுபடி வளர்ந்தா மறுபடி எடுத்துக்கலாம்" என்றார் அவர். அவ்வினாவிற்கு அன்று நம்மிடம் விடையில்லை. நம் மாணவராயிருந்து மருத்துவரான ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் பின்னர் நாம் அறிந்துகொண்டவற்றை இம்மலரின் வாயிலாகப் பலர்க்கும் பயன்படும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல், பல பொருள்

இலக்கணத்தில் ஒருசொல் பலபொருள் குறித்தல் மொழிக்கு அழகு. மருத்துவத்தில் அதுவே இடராக முடியும். 'மூக்கில் சதை' என்று நம் மக்கள் வழங்கும் சொல் குறைந்தது நான்கு வேறு பொருள்களைக் குறிக்கின்றது.

மூக்கின் பக்கச் சுவரில் இயற்கையாகவே அமைந்த மடிப்புகள் ஒவ்வாமையால் வீங்குவதுண்டு. அவ்வீக்கத்தைச் சதை என்பர். சிறுவர்க்கு மூக்கின் பின்புறத்தே பருக்கும் அடினாய்டையும் சதை என்பர். நீர் கோத்த திராட்சை போல் வெளிறித் தொங்கும் பாலிப்பும் சதையே. இது பெரும்பாலும் இருபக்க மூக்கிலும் தோன்றுவது. நான்காவதாக, உண்மையான கட்டியும் சதை என்றே சொல்லப்படுகின்றது. முன்னைய மூன்றும் வீக்கத்தாலும் ஒவ்வாமையாலும் தொற்றாலும் நேர்பவை. நான்காவதோ உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் நேர்வது. நான்கிற்கும் ஒரே பெயர் இருப்பதால், மூன்றிற்குரிய அசட்டை நான்காவதற்கும் கிடைத்துவிடுகிறது. நெசவாளர் நண்பருக்கு நேர்ந்ததும் அதுவே.

புற்று என்னும் சொல்லையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். அரபு மொழியிலும் 'சரதான்' என்னும் சொல் நண்டையும் இந்நோயையும் ஒருங்கே குறிக்கும். தமிழ் நண்டை நாடவில்லை, புற்றை எடுத்துக்கொண்டது. மண்ணுக்கு மேலே தெரிவது சிறிது, கீழே பரந்திருப்பது பெரிது என்பதை ஒரு சொல்லில் அடக்கிய திறம் அதில் உண்டு. நாம் பேசப்புகும் கட்டி இன்னும் புற்று ஆகாதது. எனினும் உள்நோக்கி இறங்கும் இயல்பில் புற்றை ஒத்தது.

சளியின் பிறப்பிடம்

'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் தொடர். மூக்கில் ஒழுகும் சளி மூளையிலிருந்து இறங்குகிறது என்ற பழங்கருத்து ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் நிலவியது. செருமனி நாட்டு விட்டன்பர்க் நகர மருத்துவப் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் 1660ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். மூளைக்கும் மூக்கிற்கும் இடையே சளி இறங்கும் வழி இல்லை என்றும், மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வே சளியைச் சுரக்கின்றது என்றும் காட்டினார். அச்சவ்வு இன்றும் அவர் பெயராலேயே ஷ்னைடர் சவ்வு எனப்படுகின்றது.

இச்செய்தி நம் பொருளுக்கு எவ்வாறு உதவும் எனின், நாம் கூறும் கட்டி அச்சவ்விலிருந்தே பிறக்கின்றது. 1850களிலேயே ஐரோப்பிய மருத்துவர் இத்தகைய மூக்குக் கட்டிகளை விவரித்தனர். அது வெளிநோக்கி வளராமல், மேற்பரப்புத் திசு தனக்குக் கீழுள்ள திசுவுக்குள் மடிந்து மடிந்து இறங்குகிறது என்பதைச் சுவீடன் நாட்டு ரிங்கெர்ட்ஸ் 1938இல் தெளிவுபடுத்தினார். கையுறையின் விரல்களை உட்புறமாகத் திருப்பி அழுத்தினாற்போன்ற தோற்றம். தலைகீழானது என்னும் பொருளில் 'இன்வெர்ட்டட்' என்ற அடைமொழி அதனாலேயே அமைந்தது.

கட்டியின் இயல்பு

இக்கட்டி அரிதானது. ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வருவது. பெண்டிரைக் காட்டிலும் ஆடவர்க்கு இருமடங்கிற்கும் மேலாக வருகின்றது. ஐம்பது, அறுபது அகவையினரிடம் மிகுதி. பெரும்பாலும் மூக்கின் பக்கச் சுவரிலோ, கன்ன எலும்பினுள் உள்ள சைனஸ் அறையிலோ தோன்றும். ஏறக்குறைய எப்போதும் ஒரு பக்கத்தை மட்டுமே பற்றும். ஒருபக்க அடைப்பு, ஒருபக்கக் குருதிக் கசிவு, மணம் அறியாமை, முகத்தில் கனம் ஆகியன அதன் அறிகுறிகள். வலி பெரும்பாலும் இராது. ஆகவே மக்கள் காலம் தாழ்த்துகின்றனர்.

தன்னியல்பில் இது தீங்கிலாக் கட்டி. உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. எனினும் இதற்கு மூன்று கெட்ட குணங்கள் உள்ளன. அருகிலுள்ள எலும்பை அழுத்தி அரிக்கும். வேர் எஞ்சினால் மீண்டும் வளரும். நூற்றில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து வரையிலான கட்டிகளில் புற்றுநோய் காணப்படுகின்றது. அப்புற்று சிலரிடம் முதற் சோதனையிலேயே கட்டியோடு கட்டியாய்க் கலந்திருக்கும். சிலரிடம் ஆண்டுகள் கழித்துத் தோன்றும். நூற்றில் தொண்ணூறு பேர்க்கு நேராதது எஞ்சிய சிலர்க்கு மட்டும் ஏன் நேர்கின்றது? இவ்வினாவே ஆய்வாளரை வளர்ச்சிக் காரணிகளை நோக்கி அழைத்துச் சென்றது.

வளர்ச்சிக் காரணியும் ஏற்பியும்

நம் உடலின் உயிரணுக்கள் தாமாகப் பெருகுவதில்லை. பெருகுக என்ற ஆணை வந்தால்தான் பெருகும். அவ்வாணையைச் சுமந்துவரும் புரதங்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். அமெரிக்க உயிர்வேதியியலார் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். அவை உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தன; பற்களும் முன்னரே முளைத்தன. அவ்விளைவுக்குக் காரணமான புரதத்தை அவர் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்தார். அதுவே புறத்தோல் வளர்ச்சிக் காரணி. இத்துறைப் பணிக்காக அவரும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்ட இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி மொண்டால்சினியும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆணை வந்தால் மட்டும் போதாது. அதனை ஏற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். உயிரணுவின் மேற்சவ்வில் பதிந்து, ஒரு முனை வெளியிலும் மறுமுனை உள்ளிலுமாக நிற்கும் புரதமே ஏற்பி. புறத்தோல் வளர்ச்சிக் காரணிக்குரிய ஏற்பியை ஈ.ஜி.எஃப்.ஆர். என்று சுருக்கமாகக் குறிப்பர். காரணி வந்து வெளிமுனையைத் தொட்டதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உடனே உள்முனை விழித்தெழுந்து செய்தியை உட்கருவிற்கு அனுப்புகிறது. உயிரணு இரண்டாகப் பிரிகிறது. காரணி விலகினால் உள்முனை அடங்கும்.

சேவூர் மக்களுக்கு இதனைத் தறியைக் கொண்டே விளக்கலாம். மிதியை அழுத்தினால் பாவு திறக்கும். காலை எடுத்தால் மூடும். ஏற்பி என்பது அத்தகைய மிதி. கால் வைக்காமலே மிதி அழுந்தியவாறு நின்றுவிட்டால் என்னாகும்?

அவ்வாறும் நேரும் என்பதற்கு முதற்சான்று கோழியிடமிருந்து கிடைத்தது. கோழிகளுக்குக் குருதிப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரசு, இந்த ஏற்பியின் வெளிமுனை அறுந்த வடிவத்திற்குரிய மரபணுவைச் சுமந்திருப்பது 1984இல் தெரியவந்தது. வெளிமுனை இல்லாததால் அது காரணிக்காகக் காத்திருப்பதில்லை. எப்போதும் 'பெருகு, பெருகு' என்றே கூவிக்கொண்டிருக்கும். இயல்பான வளர்ச்சிக்குரிய ஏற்பியே கெட்டுப்போனால் புற்றுக்கு வழிகோலும் என்ற உண்மை அதனால் உறுதிப்பட்டது.

அட்டை வரிசையில் மிகுந்த அட்டை

மூக்குக் கட்டிக்கு மீள்வோம். இக்கட்டியில் இவ்வேற்பி இயல்பைவிட மிகுந்து காணப்படுவதையும், உயிரணுக்கள் ஒழுங்கு குலையக் குலைய அம்மிகுதி கூடுவதையும் 2005ஆம் ஆண்டளவில் ஜப்பானிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஏன் மிகுகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒளி பாய்ச்சியது. அவர்கள் ஆராய்ந்த தலைகீழ்க் கட்டிகளில் நூற்றுக்கு 88இல் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறியிருந்தது. அக்கட்டியோடு தொடர்புடைய புற்றுகளில் நூற்றுக்கு 77இல் அம்மாற்றம் இருந்தது. கட்டியோடு தொடர்பில்லாமல் மூக்கில் தோன்றிய அதேவகைப் புற்றுகளில் அது காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகளில் விழுக்காடு கூடியும் குறைந்தும் வந்தாலும் அடிப்படை உண்மை மாறவில்லை.

அம்மாற்றம் எத்தகையது? பட்டுச் சேலையின் கரையும் முந்தானையும் ஜக்கார்டு அட்டைகளின் துளைகளில் எழுதப்பட்டுள்ளன. அட்டைகளைக் கயிற்றால் கோத்து வரிசையாக்கியிருப்பர். ஓர் அட்டை திரும்பினால் கோலத்தின் ஓர் இழை நெய்யப்படும். அவ்வரிசையில் இரண்டு அட்டைகளைக் கூடுதலாகக் கோத்துவிட்டால் தறி நிற்பதில்லை, கோலமும் சிதறுவதில்லை. ஆனால் அவ்விடத்தில் மட்டும் உரு சற்றே பருத்துவிடும்; வரிசை சுழலுந்தோறும் அதே பிழை திரும்பத் திரும்ப நெய்யப்படும்.

இம்மரபணுவிலும் அதுவே நிகழ்கின்றது. மரபணு எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. ஏற்பியின் மரபணு 28 கூறுகளால் ஆனது. அவற்றுள் 20ஆம் கூற்றில் சில எழுத்துகள் மும்மூன்றாகக் கூடுதலாய்ப் புகுந்துவிடுகின்றன. மும்மூன்றாய்ப் புகுவதால் பின்வரும் எழுத்துகளின் வாசிப்பு குலைவதில்லை. ஏற்பி முழுமையாகவே உருவாகின்றது. உள்முனையில் மட்டும் சிறு பருமன் சேர்கின்றது. அப்பருமன் ஆப்புப் போல் நின்று, அம்முனை அடங்கவொட்டாமல் தடுத்துவிடுகிறது. காலில்லாமலே மிதி அழுந்தி நிற்கும் நிலை இதுவே.

தீங்கிலாதது தீங்காவது எப்போது?

மேற்கண்ட ஆய்வில் நம் நண்பரின் வினாவிற்கு விடை தருவது பிறிதொரு செய்தி. ஒரே நோயாளியின் தீங்கிலாக் கட்டியையும் அவருடைய புற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் அச்சாக ஒரே மாற்றம் இருந்தது. ஆகவே புற்று வேறெங்கிருந்தோ வந்ததன்று. அதே கட்டியின் வழித்தோன்றல். 'சதைதானே' என்று எஞ்சவிடப்படும் துணுக்கு, புற்றுக்குரிய முதற்படியை ஏற்கெனவே ஏறி நிற்பது என்பது இதன் பொருள்.

முதற்படி ஏறியவை எல்லாம் உச்சிக்குப் போவதில்லை என்பதையும் உடன் கூற வேண்டும். தீங்கிலாக் கட்டிகளுள் பெரும்பாலானவை இம்மாற்றத்தைக் கொண்டிருந்தும் புற்றாவது சிலவே. எனவே ஏற்பியின் மாற்றம் மட்டும் போதாது. வேறு தடைகளும் உடைய வேண்டும். பழுதுபட்ட உயிரணுவைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல் மரபணுக்கள் சில நம்மிடம் உள்ளன. டி.பி.53, சி.டி.கே.என்.2ஏ என்னும் அத்தகைய காவல் மரபணுக்கள் புற்றாக மாறிய கட்டிகளில் பழுதுபட்டிருப்பது பலமுறை காணப்பட்டுள்ளது. கட்டி எத்துணைக் காலம் எஞ்சி நின்று பெருகுகிறதோ அத்துணைக்கு இரண்டாம், மூன்றாம் பிழைகள் நேர வாய்ப்பும் மிகும். நோயில் காலம் என்பது இவ்வாறு கணக்கில் சேர்கின்றது.

ஏற்பியில் மாற்றமில்லாத கட்டிகளில் பாப்பிலோமா வைரசின் சில வகைகள் காணப்படுகின்றன. பருவுக்குரிய 6, 11 ஆகிய எண்களையுடைய வகைகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. ஒரே இடத்திற்கு இருவேறு வழிகள் உள்ளன போலும். புகைபிடிப்போரிடம் கட்டி மீண்டும் வளர்தலும் புற்றாதலும் மிகுதி எனவும் சில ஆய்வுகள் சுட்டுகின்றன.

ஏற்பியை அடக்கும் மருந்துகள் இல்லையா எனில், உள்ளன. 20ஆம் கூற்று மாற்றம் நுரையீரல் புற்றிலும் காணப்படுவது. அதற்கென அமிவான்டமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் பெற்றது. மூக்குக் கட்டியைப் பொறுத்தவரை, ஆய்வுக்கூடத்தில் இத்தகைய உயிரணுக்களைச் சில மருந்துகள் அடக்கியுள்ளன. எனினும் நோயாளிக்கு முதன்மையான மருத்துவம் அறுவையே ஆகும்.

தொழிலும் தூசும்

நம் வட்டாரத்தார் கேட்கும் மற்றொரு வினா, தொழிலால் இது வருமா என்பது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசையும் தோல்தூசையும் மூக்குப் புற்றை உண்டாக்குவன என உறுதியாக வகைப்படுத்தியுள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோலறுத்துக் காலணி செய்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஆடைத்தொழிலை 1990இல் அம்முகமை 'புற்றை உண்டாக்கக்கூடும்' என்ற தளர்ந்த வகையில் சேர்த்தது. பட்டு நெசவைத் தனியே சுட்டவில்லை. மேலும் தூசுகளால் வரும் மூக்குப் புற்று பெரும்பாலும் வேறு வகையைச் சார்ந்தது; தலைகீழ்க் கட்டியின் வழிவந்ததன்று. ஆகவே தறியை நோக்கி அஞ்ச வேண்டுவதில்லை; தூசு மிகுந்த இடத்தில் மூக்கையும் வாயையும் மூடிப் பணிசெய்தல் எத்தொழிலார்க்கும் நன்று.

செய்யத்தக்கன

முதலாவது, ஒருபக்கம் என்னும் குறிப்பை மறவாமை. சளியும் ஒவ்வாமையும் பெரும்பாலும் இருபக்கமும் மாறிமாறி அடைக்கும். ஒரே பக்கம் சில வாரங்கள் தொடர்ந்து அடைத்தாலோ, ஒரே பக்கம் குருதி கசிந்தாலோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாள்தோறும் உளூச் செய்வோர் மூக்கிற்கு நீர் செலுத்திச் சிந்துகின்றனர். எப்பக்கத்தில் நீர் ஏறவில்லை என்பதை அறிய அதனினும் எளிய சோதனை வேறில்லை. நாளைக்கு ஐந்து வேளை கிடைக்கும் அக்குறிப்பை நாம் கவனியாது விடுதல் கூடாது.

இரண்டாவது, எடுத்த சதை சோதனைக்குச் செல்ல வேண்டும். கண்ணால் பார்த்து இது பாலிப், இது பாப்பிலோமா என்று உறுதி கூறல் எப்போதும் இயலாது. நுண்ணோக்கியே தீர்ப்புரைக்கும். "எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை, மருத்துவரை ஐயுறுவதாகாது.

மூன்றாவது, வேரை எடுத்தல். முன்னாளில் முகத்தை அறுத்துச் செய்த அறுவை இன்று பெரும்பாலும் எண்டோஸ்கோப் வழியே மூக்கின் துளையினூடே செய்யப்படுகிறது. ஸ்கேன் படத்தில் கட்டி ஒட்டியிருக்கும் எலும்புப் பகுதி தடித்துத் தெரிவதுண்டு. அவ்விடத்துச் சவ்வை நீக்கி, எலும்பையும் சற்றே இழைத்தால்தான் வேர் அறும். கட்டி முழுவதையும் ஆராய்வதும் இன்றியமையாதது; துணுக்கில் இல்லாத புற்று மற்றொரு மூலையில் மறைந்திருக்கலாம்.

நான்காவது, தொடர்ந்து காட்டுதல். நல்ல அறுவைக்குப் பின்னரும் நூற்றில் பத்துப் பதினைந்து பேர்க்குக் கட்டி மீண்டும் வளர்வதுண்டு. சிலர்க்குப் பல்லாண்டு கழித்தும் வளரும். ஆகவே நலமாயிருக்கும்போதும் மருத்துவர் குறித்த நாளில் சென்று காட்டுதல் வேண்டும். செலவிற்கு அஞ்சுவோர் 2012 முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்று கேட்டறியலாம்.

முடிவுரை

சேவூர் நண்பருக்கு வேலூரில் அறுவை நடந்தது. முழுக் கட்டியையும் ஆராய்ந்தபோது ஒரு மூலையில் உயிரணுக்கள் ஒழுங்கு குலைந்திருந்தன, புற்றாக மாறியிருக்கவில்லை. இன்னும் ஈராண்டு 'சதைதானே' என்றிருந்தால் அறிக்கை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் கூற இயலாது. கூற வேண்டிய நிலை வராமற்போனதற்கு இறைவனுக்கே புகழனைத்தும். முகூர்த்த மாதங்களில் தறியை நிறுத்த மனமின்றி ஒருமுறை அவர் மறுபரிசோதனையைத் தள்ளிப்போட நினைத்தார். "அட்டையிலே பிழை இருந்தா, நெய்து முடிச்சபிறகா பார்ப்பீங்க?" என்று கேட்டோம். மறுநாள் முதற் பேருந்தில் வேலூர் சென்றுவந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவ்வழி தொடர்ந்திருப்பின் நம் நெசவாளர் தம் நோயின் பெயரை அறியப் பிறர் வீட்டுப் படியேறியிருக்க வேண்டுவதில்லை. வீக்கத்தை வீக்கம் என்றும், பாலிப்பைப் பாலிப் என்றும், கட்டியைக் கட்டி என்றும் வேறுபடுத்தி வழங்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பயன்படுத்துவதில்தான் பஞ்சம். தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்தாரின் மருத்துவ அறிக்கைகளைப் படித்துப் பொருள் கேட்டறிந்து தமிழில் எடுத்துரைப்பார்களாயின், அதுவும் தமிழ்த்தொண்டே ஆகும். ஒரோவழி உயிர் காக்கும் தொண்டும் ஆகும்.